மந்தையிலிருந்து பிறந்த இலத்தீன் சொற்களை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

இத்தாலியில் வசிக்கும் உறுப்பினர்:

மிலானில் குடியேறிய புதிதில் வங்கியிலிருந்து வந்த கடிதத்தின் உறையில், என் பெயருக்கு மேலே ‘எக்ரெஜியோ சிஞ்ஞோரே’ என்று அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் ‘எக்ரீஜியஸ்’ என்றால் மிக மோசமான, அப்பட்டமான தவறு என்றே பொருள்படும். அதன் உடன்பிறப்பு இங்கே மரியாதை விளியாக நின்றதால், மூலத்தைத் தேடிப் படித்தேன். இலத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்பது மந்தை. மந்தைக்குள்ளிருந்து வெளியே தெரிந்தெடுக்கப்பட்டது எதுவோ, அது ‘எக்ரேகியுஸ்’, அதாவது தலைசிறந்தது. ஆங்கிலத்திலும் அது முதலில் புகழ்ச்சொல்லாகவே இருந்தது. இகழ்ச்சிப் பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தாலியர்களோ பழைய மதிப்பைக் கடித உறையில் இன்றும் காப்பாற்றி வருகிறார்கள்.

உரோமைப் பேரரசின் கல்வெட்டுகளிலும் இதே சொல்லைக் காணலாம். செனட்டர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த அரசு அதிகாரிகளின் பெயரை அடுத்து ‘வீர் எக்ரேகியுஸ்’ (தலைசிறந்த மனிதர்) என்ற பட்டம், பெரும்பாலும் இரண்டே எழுத்துகளாகச் சுருங்கி நிற்கும்.

குருமடத்தில் இலத்தீன் பயின்ற உறுப்பினர்:

மேலே சொன்ன பட்டத்துக்கு நேர் எதிர்முனையில் நிற்கும் சொல்லை நான் உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதிய வரலாற்றில் சந்தித்தேன். பதவியோ தனிச்சிறப்போ இல்லாத சாதாரணப் படைவீரனை அவர் ‘கிரெகாரியுஸ் மிலெஸ்’, அதாவது மந்தையோடு மந்தையாக நிற்கும் வீரன், என்கிறார். வெளியே வந்தவன் மேலானவன், உள்ளே நிற்பவன் எளியவன் என்ற உரோமையரின் ஏற்றத்தாழ்வு முழுவதும் ஒரே வேரில் அடங்கியிருப்பது எனக்குச் சற்று வேதனையாகவே இருந்தது.

ஆனால் இலத்தீன் விவிலியத்தில் அதே சொல் வேறு முகம் கொள்கிறது. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ‘பயப்படாதே சிறுமந்தையே’ என்று நாம் தமிழில் வாசிக்கும் இடத்தில், இலத்தீனில் ‘பூசில்லுஸ் கிரெக்ஸ்’ என்று இருக்கிறது. இங்கே மந்தைக்குள் இருப்பது தாழ்வன்று, அதுவே பாதுகாப்பு. சபையாகக் கூடுவதைக் குறிக்கும் ‘கொங்கிரெகாரே’யும், பிரித்து ஒதுக்குவதைக் குறிக்கும் ‘செகிரெகாரே’யும் இதே வேரிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்களின் ஆங்கிலப் பெயரான ‘செக்ரிகேஷன்’ என்பதும் இந்த இரண்டாவது சொல்லின் வழிவந்ததே.

சட்டம் பயிலும் உறுப்பினர்:

நான் சந்தித்தது வேறொரு மந்தைச் சொல்: கால்நடையைக் குறிக்கும் ‘பெக்குஸ்’. உரோமைச் சட்ட வகுப்பில் ‘பெக்கூலியும்’ என்ற கருத்தைப் படித்தபோது அறிமுகமானது. அடிமைக்குச் சட்டப்படி சொத்துரிமை கிடையாது. ஆயினும் ஆண்டான் அவன் பொறுப்பில் விட்டுவைக்கும் சிறு பொருள் பெக்கூலியும் எனப்பட்டது. அதைச் சேர்த்துவைத்துத் தம் விடுதலையையே விலைக்கு வாங்கிய அடிமைகள் உண்டு. பொதுப்பணத்தைக் கையாடும் குற்றம் ‘பெக்குலாத்துஸ்’, பணம் ‘பெக்கூனியா’. முற்காலத்தில் அபராதத்தை ஆடுகளாகவும் மாடுகளாகவும் விதித்தார்கள் என்று உரோமைப் பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். பழைய உரோமை மன்னர் செர்வியுஸ் வெண்கலத்தில் கால்நடை உருவைப் பொறித்ததால்தான் பணத்துக்கு அப்பெயர் வந்தது என்பது உரோமை எழுத்தாளர் பிளினியின் விளக்கம்.

பிளினியின் விளக்கத்தை நான் அப்படியே ஏற்பதில்லை. 1969இல் வெளியான தம் நூலில் பிரெஞ்சு மொழியியலாளர் எமீல் பென்வெனிஸ்த், இந்த வேருக்கு முதற்பொருளே அசையும் சொத்து என்றும், கால்நடை என்ற பொருள் பின்னரே குறுகி அமைந்தது என்றும் வாதிட்டார். எல்லா மொழியறிஞர்களும் அவருடன் உடன்படுவதில்லை என்றாலும், சொத்தும் மந்தையும் ஒன்றாகவே எண்ணப்பட்ட காலத்தை அவர் வாதம் நன்றாக உணர்த்துகிறது. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்து நாம் அன்றாடம் வழங்கும் ‘பசு’ என்ற சொல்லும் பெக்குஸின் நேர் உறவுதான்.