சாட்சிக் கையெழுத்து யாரு போடறது?

குழு: கொணவட்டம் குடும்பம்

காலை 6.52
பிரகாஷ்: (படம்) உறுப்பு தானம் பதிவு பண்ணிட்டேன். கார்டு வந்துடுச்சு 🙏

6.55
மூர்த்தி மாமா: இன்னாடா இது. இன்னைக்குக் கிருத்திகை. ரத்தினகிரி போலாம்னு குளிச்சிட்டு வந்து போனைத் தொறந்தா இதுவா?

செல்வி அக்கா: அம்மாகிட்ட சொன்னியா?

பிரகாஷ்: அதான் குரூப்ல போட்டேனே

செல்வி அக்கா: 🤦‍♀️

மூர்த்தி மாமா: கண்ணைக் குடுத்தா அடுத்த பிறவியில குருடா பொறப்பான்னு எங்க ஆயா சொல்லும்

பிரகாஷ்: பாலாத்தங்கரையில கொளுத்தப் போற உடம்பு தானே மாமா

மூர்த்தி மாமா: நமக்குப் பொதைக்கிற வழக்கம்டா. அதுகூடத் தெரியல, தானம் பண்ண வந்துட்டான்

7.03
ராணி அத்தை: ஐசியூல 26 வருஷம் நின்னவ சொல்றேன். பிரகாஷ், பதிவு பண்ணது நல்லது. ஆனா அந்த நேரத்துல யாரும் உன் பர்ஸைத் தேட மாட்டாங்க. வெளியில பெஞ்சுல அழுதுகினு இருக்கிற உங்கம்மாவைத் தான் கேப்பாங்க.

பிரகாஷ்: சட்டம் இருக்குதே அத்தை

ராணி அத்தை: இருக்குது, 1994 சட்டம். நீ எழுதிக் குடுக்கறதா இருந்தா ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தராவது நெருங்கின சொந்தம். எழுதாமப் போனவனுக்கு வீட்டாரே முடிவு பண்ணலாம். எழுதினவனுக்கும் வீட்டுல வேணாம்னா டாக்டருங்க கை வெச்சு நான் பார்த்ததே இல்ல.

தினேஷ் சிங்கப்பூர்: இங்க தலைகீழ் அத்தை. 1987 சட்டம். 21 வயசுக்கு மேல குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரமாத் தங்கற அனுமதி) இருக்கிறவங்க வேணாம்னு எழுதிக் குடுக்கலன்னா சரின்னு தான் கணக்கு. எழுதிக் குடுத்தவனுக்கு நாளைக்கு கிட்னி தேவைப்பட்டா வரிசையில பின்னாடி போயிடுவான்.

மூர்த்தி மாமா: கேக்காம எடுத்தா அது தானமா, வரியா?

செல்வி அக்கா: மாமா கேக்கறது நியாயம் தான்

ராணி அத்தை: ஸ்பெயின்லயும் 1979ல இருந்து அதே மாதிரி சட்டம். ஆனா வீட்டாரைக் கேக்காம எடுக்க மாட்டாங்க. 1989ல இதுக்குன்னு தனி அமைப்பு வெச்சாங்க. வீட்டாருங்ககிட்ட பேசறதுக்குன்னே ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஆள் பழக்கினாங்க. அதுக்கப்புறம் தான் உலகத்துலயே முன்னாடி வந்தாங்க.

மூர்த்தி மாமா: அதெல்லாம் இருக்கட்டும். நெஞ்சு துடிக்குது, உடம்பு சூடா இருக்குது. செத்துட்டான்னு எப்பிடி நம்பறது? கிட்னிக்காக முடிச்சிடுவாங்கன்னு ஊரே பேசுது

பிரகாஷ்: நாட்டுலயே முதல் முதல்ல 1971ல வெற்றிகரமா கிட்னி மாத்தினது நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில மாமா. இந்த ஊர்ல இருந்துகினு இப்பிடிப் பேசறீங்களே

மூர்த்தி மாமா: நான் அத்தையைக் கேட்டேன்

7.14
ராணி அத்தை: மூளைச்சாவுன்னு சொல்ல 4 டாக்டருங்க கையெழுத்து போடணும். ரெண்டு தடவை டெஸ்ட், நடுவுல 6 மணி நேரம். உறுப்பு மாத்தற டீம்ல இருக்கிறவங்க அந்தக் கையெழுத்து போடக் கூடாது. மிஷினைக் கழட்டி, தானா ஒரு மூச்சாவது வருதான்னு பார்ப்பாங்க.
அந்த 6 மணி நேரம் தான் கொடுமை. என் கையைப் பிடிச்சிகினு, "மூச்சு விடறானேம்மா"ன்னு ஒவ்வொரு தாயும் கேக்கும். அது மிஷின் விடற மூச்சுன்னு சொல்ல எனக்குக் கடைசி வரைக்கும் வாய் வரல.

மூர்த்தி மாமா: பில்லு?

ராணி அத்தை: தானத்துக்குன்னு ஆகற செலவை வீட்டார் தலையில கட்டக் கூடாது. விதியிலயே இருக்குது.

செல்வி அக்கா: 2008ல ஹிதேந்திரன்னு ஒரு பையன் ஞாபகம் இருக்கா? திருக்கழுக்குன்றம். 15 வயசு, கார்டு ஏது. அப்பா அம்மா ரெண்டு பேருமே டாக்டர், அவங்க தான் குடுக்கலாம்னாங்க. அதுக்கப்புறம் தான் நம்ம பக்கம் இதைப் பத்திப் பேசவே ஆரம்பிச்சாங்க.

தினேஷ் சிங்கப்பூர்: இப்ப அரசு மரியாதையே குடுக்கறாங்க இல்ல?

ராணி அத்தை: ஆமா, 2023ல முதலமைச்சர் அறிவிச்சது

7.21
அம்மா: ஹெல்மெட் கதவாண்ட தொங்குது

செல்வி அக்கா: போச்சு

பிரகாஷ்: சிப்காட் ஷிப்டுக்கு லேட்டுமா. சர்வீஸ் ரோட்ல தான் போறேன்

அம்மா: வண்டியைத் திருப்பு

மூர்த்தி மாமா: வண்டி ஓட்டிகினே டைப் பண்றியாடா??

பிரகாஷ்: டீக்கடையில நிக்கிறேன் மாமா. திருப்பறேன்

7.29
அம்மா: ராணி, அந்த சாட்சிக் கையெழுத்து செல்வி போடட்டும். எங்கிட்ட பேனாவை நீட்டாதீங்க. அப்பிடி ஒண்ணு வந்தா குறுக்க நிக்க மாட்டேன். ஆனா வந்து கேக்கறது நீயா இருக்கணும். தெரியாதவங்க வந்து கேட்டா நான் வேணாம்னு தான் சொல்லுவேன்.

ராணி அத்தை: சரி அண்ணி

7.36
மூர்த்தி மாமா: சுகர் இருக்கிறவன் கண்ணை எடுத்துப்பாங்களா?

ராணி அத்தை: எடுத்துப்பாங்க. காட்ராக்ட் பண்ண கண்ணு கூட. 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். ஃபேனை நிறுத்திட்டு இமையை மூடி வைக்கணும்.

மூர்த்தி மாமா: சும்மா கேட்டேன். ரத்தினகிரிக்கு யாரு யாரு வர்றீங்க? ஆட்டோ சொல்லணும்