போலீஸ் வாங்கி வைத்த போன்: மனு எங்கே போடுவது?

இடம் வேலூர். அக்கா பையன், வயது 17. 12 நாள் முன்பு ராத்திரி 11.40-க்கு, காட்பாடியில் ரயில் இறங்கி நடந்து வந்தவனை ரோந்து போலீஸ் நிறுத்தி, "இந்நேரத்துல என்ன சுத்தல்?" என்று போனை வாங்கிக்கொண்டது. வண்டி ஓட்டவில்லை, அதனால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ (சிறார் வண்டி ஓட்டும் குற்றம்) பேச்சுக்கே இடமில்லை. பி.என்.எஸ்.எஸ். (சி.ஆர்.பி.சி.-க்குப் பதிலாக வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163 தடையுத்தரவும் (பழைய 144தான்) அமலில் இல்லை. சிறார் ராத்திரி வெளியே வரக்கூடாது என்று நம்மூரில் தனிச்சட்டமும் கிடையாது.

எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். (புகார் ரசீது), மகஜர் (கைப்பற்றிய பொருள் பட்டியல்) எதுவும் தரவில்லை. ஸ்டேஷனுக்கு மூன்று நடை. "ஐயா பந்தோபஸ்துல இருக்கார்". போன் பில், ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீதும் வாங்கியாச்சு. 9 நாளாக அசைவில்லை. பி.என்.எஸ்.எஸ். 106-இன்படி கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கோர்ட்டில் விசாரித்தால் அப்படி எதுவும் வரவில்லையாம்.

போனைத் திரும்பக் கேட்டு பி.என்.எஸ்.எஸ். 503-இல் மனுவை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடுவதா, (பையன் சிறார் என்பதால்) சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலா?