முத்திரையோட்டம்: ஒளிப்பேழையின் தொடக்கத்தில் ஓடுவதற்கு ஒரு சொல்

வணக்கம்.

ஒளிப்பேழையை (வீடியோ கேசட்டை) இயந்திரத்தில் செருகியதும், படம் தொடங்குவதற்கு முன் சில நொடிகள் வெளியீட்டாளரின் சின்னம் ஒளிர்ந்து, சுழன்று, இசையோடு வந்து நிற்குமே, அதற்கு 'அசைவூட்ட இலச்சினை' என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். கேட்டதும் பொருள் புரிகிறது. ஆனாலும் எனக்கு இந்தச் சொல்லில் நிறைவில்லை. வேறொரு சொல்லை முன்வைக்கிறேன்.

முதல் சிக்கல் 'அசைவூட்டம்', அதாவது அனிமேஷன். இந்தச் சொல்லைக் கேட்டால் சட்டம் சட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) வரைந்து ஓட்டுவதுதான் நினைவுக்கு வரும். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் இத்தகைய சின்னங்களில் பறந்த எழுத்துகள் பலவும் அப்படிப் பிறக்கவில்லை. ஸ்கானிமேட் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டென்வரில் லீ ஹாரிசன் உருவாக்கிய ஒப்புமைக் கணினி (அனலாக் கணினி) அது. செய்யப்பட்டவை மொத்தமே 8. கருப்புப் படச்சுருளில் எழுத்து மட்டும் ஒளி புகும்படி விட்டு, பின்னாலிருந்து விளக்கு போடுவார்கள். ஒரு கேமரா அதைப் படித்து ஒரு படக்குழாய்த் திரைக்கு அனுப்பும். அந்தத் திரையில் கோடு வரையும் எலக்ட்ரான் கற்றையையே மின்னழுத்தத்தால் வளைத்து, நீட்டி, சுழற்றுவார்கள். இன்னொரு கேமரா அதை மறுபடி எடுக்கும். சாம்பல் நிறத்தின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வண்ணம் ஏற்றப்படும். இத்தனையும் அந்தக் கணத்திலேயே நடக்கும். குமிழைத் திருகினால் எழுத்து உருகும். யாரும் ஒரு சட்டமும் வரையவில்லை! தொலைக்காட்சி அடையாளங்களும் விளம்பரங்களும் இதில் ஏராளமாக உருவாயின. ஒளிப்பேழைக்காரர்கள் விரும்பிய மினுமினுப்பும் இந்த வகைதான்.

இன்னொரு முறை பிளவு வருடல். கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்து, ஒரு மெல்லிய பிளவின் வழியாகப் படத்தை இழுத்துப் பதிவுசெய்வார்கள். எழுத்து ஒளிச்சுரங்கமாக நீளும். சிறப்புக்காட்சிக் கலைஞர் டக்ளஸ் டிரம்புல் 1968இல் ஒரு திரைப்படத்தில் செய்துகாட்டிய பிறகு இது சின்னங்களுக்கும் பரவியது. இதையும் அசைவூட்டத்தில் அடக்கலாம்தான். ஆனால் சொல்லைக் கேட்டு இதை யாரும் நினைக்கமாட்டார்கள். அப்புறம், ஒலி. சின்தசைசரின் அந்த ஏறுமுக ஓசையை எடுத்துவிட்டால் பாதி போய்விடும். 'அசைவூட்ட இலச்சினை' என்பதில் ஒலிக்கு இடமே இல்லை.

இரண்டாவது சிக்கல் 'இலச்சினை'. ஆங்கிலத்தில் பெட்டியின் முதுகில் அச்சடித்த சின்னமும் லோகோ, நாடாவில் ஓடுவதும் லோகோ. அந்தக் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? இலச்சினை பெட்டியில் அச்சானதற்கே இருக்கட்டும். ஓடுவது வேறு பொருள். அதற்குக் கால அளவு உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு, இசை உண்டு.

வெளியீட்டாளர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். படத்தை எடுத்தவர் வேறு, நாடாவில் பதித்து விற்றவர் வேறு. ஆந்திரே பிளே நடத்திய மேக்னடிக் வீடியோ என்ற மிச்சிகன் நிறுவனம் 1977இல் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடமிருந்து 50 படங்களுக்கு உரிமம் வாங்கி வீட்டு ஒளிப்பேழையாக விற்றது. அவை ஃபாக்ஸ் எடுத்த படங்கள், ஆனால் வாங்கியவர் கைக்கு வந்தது மேக்னடிக் வீடியோவின் சரக்கு. 'இது என் வழியாக வந்தது' என்று சொல்லும் குறிதான் தொடக்கத்தில் ஓடும் அந்தச் சின்னம்.

இந்த இடத்தில் எனக்குப் பட்டினப்பாலைதான் நினைவுக்கு வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குகளின் மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே அனுப்புவதை அது சொல்கிறது. செய்தவரின் குறியல்ல, அனுப்புபவரின் குறி. அதனால் முதலில் 'பொறியோட்டம்' என்றுதான் எழுதிப்பார்த்தேன். அழகான சொல். ஆனால் இன்று பொறி என்றால் இயந்திரம், எலிப்பொறி, தீப்பொறி. 'பொறியோட்டம்' என்று படிப்பவர் மோட்டார் ஓடுவதாக நினைப்பார். மனமில்லாமல்தான் கைவிட்டேன்.

ஆகவே என் முன்மொழிவு: முத்திரையோட்டம்.

'முன்னோட்டம்' ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதே நாடாவில், சில நிமிட இடைவெளியில் வருவதும் அதுதான். ஓர் அமெரிக்க ஒளிப்பேழையின் தொடக்கத்தை எழுதிப்பாருங்கள்: பதிப்புரிமை எச்சரிக்கை அட்டை, முத்திரையோட்டம், முன்னோட்டம், படம். வரிசை மாறலாம், சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. வெள்ளோட்டம், கண்ணோட்டம் என்று பழகிய வாய்க்கு இது புதிதாகவும் இருக்காது. படமும் ஓடுகிறது, நாடாவும் ஓடுகிறது. ஒலியும் அந்த ஓட்டத்துக்குள் அடங்கிவிடும்.

முத்திரை என்றால் தபால் முத்திரையும் நடன முத்திரையும்தானே என்று கேட்கலாம். தபால் முத்திரை அனுப்பிய இடத்தைச் சொல்கிறது, நமக்கு வேண்டியதும் அதுவே. நடன முத்திரை அசைவில் பொருள் சொல்கிறது. இரண்டும் நமக்குத் துணைதான்.

சொல் உழைக்குமா என்று சில வாக்கியங்களில் போட்டுப்பார்த்தேன். 'வாடகைக்குப் பல கை மாறிய பேழைகளில் முத்திரையோட்டம்தான் முதலில் தேயும்.' காரணம் எளிது: பேழையைச் செருகி ஓட்டும்போதெல்லாம் இயந்திரம் நாடாவை வெளியே இழுத்து உருளையில் சுற்றுகிறது, பெரும்பாலும் அது நாடாவின் தொடக்கப் பகுதி. 'முத்திரையோட்டத்தின் சிவப்பு எழுத்துகளில் நிறக்கசிவு தெரிகிறது.' வீடுகளில் பரவலாக இருந்த விஎச்எஸ் வகை நாடாவில் நிறத்துக்குக் கிடைக்கும் அலைவரிசை அகலம் மிகக் குறுகல். எழுத்தின் விளிம்பு கூர்மையாக நின்றாலும் சிவப்பு மட்டும் வலப்புறம் வழிந்து நிற்கும். கருப்புப் பின்னணியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நிறக்கசிவு என்ற சொல்லையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பழைய படத்தை மறுவெளியீடு செய்யும்போது பழைய நிறுவனத்தின் முத்திரையோட்டத்தை வெட்டிவிட்டு, புதிய உரிமையாளர் தன்னுடையதை வைப்பதுண்டு. ஆர்வலர்கள் இதைப் பிளாஸ்டரிங் என்கிறார்கள். 'பூச்சு' என்று நேராகப் பெயர்த்தால் சுவர்தான் தெரியும். ஒரு சுவரொட்டியின் மேல் இன்னொன்றை ஒட்டுவதைப் போன்ற செயல் இது, எனவே 'மேலொட்டு' சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். 'இந்தப் பதிப்பில் முத்திரையோட்டம் மேலொட்டப்பட்டுள்ளது' என்று வினையாகவும் வருகிறது. அந்தச் சில நொடிகளைத் தேடிப் பழைய பேழைகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்தச் சொல் அன்றாடம் வேண்டும். மேலொட்டு நடந்த பிறகு முதல் முத்திரையோட்டம் பலசமயம் அந்தப் பழைய நாடாவில் மட்டுமே மிஞ்சுகிறது.

தொலைக்காட்சி நிலையங்கள் நிகழ்ச்சிகளுக்கு இடையே காட்டுவதற்கு 'நிலைய முத்திரையோட்டம்' என்று அடைகொடுத்தால் போதுமா, தனிச்சொல் வேண்டுமா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மேலொட்டு என்பதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.