கிளட்ச் கவர் போல்ட் சும்மா சுத்துது: எம் 6 மரை போன கேஸை இஞ்சின் இறக்காம சரி பண்ண முடியுமா?

அரைகிளட்ச் எழுதியது:

வணக்கம். வண்டி எண்பதுகளின் கடைசியில் வந்த 100 சிசி, நாலு ஸ்ட்ரோக். வலது பக்க கிளட்ச் கவரில் முன்பக்கம் கீழே இருக்கிற போல்ட் இறுகவே மாட்டேங்குது, சும்மா சுத்துது. கழட்டிப் பார்த்தா மரையில் அலுமினியம் சுருள் சுருளா ஒட்டிக்கிட்டு வருது. முன்னாடி வெச்சிருந்தவர் அந்த இடத்தில் சிலிகான் பேஸ்ட்டை அப்பி வெச்சிருந்தார், அதைச் சுரண்டின பிறகுதான் விஷயமே தெரிஞ்சது. இஞ்சின் சூடானதும் அங்கேதான் ஆயில் கசியுது.

ஒருத்தர் இந்த எம் 6 (6 மில்லிமீட்டர்) ஓட்டையை எம் 8 ஆக்கிடலாம்னு சொல்றார். இன்னொருத்தர் எபாக்ஸி பசையை ஊத்தி போல்ட்டை முறுக்கி விடுங்கறார். மூணாவது ஆள் இஞ்சினை இறக்கி கேஸையே (இஞ்சினோட அலுமினிய உறை) மாத்தணும்னுட்டார். கையில் டிரில் மெஷின், வெர்னியர், மரை வெட்டற சாதாரண டேப் செட் இருக்கு. இறக்காம முடியுமா? துருவல் உள்ளே விழுந்துடுமோன்னுதான் பயம்.

பழையமரை எழுதியது:

முடியும் தம்பி. கேஸ் மாத்தச் சொன்னவரை மறந்துடுங்க.

டிரில்லை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஓட்டையோட ஆழத்தை அளங்க. வெர்னியரோட வால் நேரா அடிவரைக்கும் போகும். ஓட்டையில் ஆயிலோ அழுக்கோ தேங்கியிருந்தா முதல்ல துடைச்சு எடுங்க, இல்லேன்னா அளவு தப்பா வரும். கவரை மட்டும் மாட்டி, போல்ட்டை முழுசா உள்ளே தள்ளினா கேஸுக்குள்ள எத்தனை மில்லிமீட்டர் போகுதுன்னும் பாருங்க. பல இஞ்சின்ல கம்பெனி போல்ட் ஓட்டையோட அடிவரைக்கும் போறதில்லை. கீழே அஞ்சாறு மில்லிமீட்டர் யாரும் தொடாத மரை இருந்தா, அந்த அளவுக்கு நீளமான போல்ட் போட்டாலே வேலை முடிஞ்சது. ஆனா போல்ட் அடியில் முட்டக்கூடாது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். முட்டினா கவர் இறுகாது, மேலும் முறுக்கினா கேஸ் விரியும்.

அந்த வழி இல்லேன்னா ஹெலிகாயில். பேனா ஸ்பிரிங் மாதிரி இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருள் அது. உள்ளே வெச்சா அதே எம் 6 போல்ட்டையே திரும்பப் போடலாம், எஃகு மரை கிடைக்கும், பழைய அலுமினிய மரையை விட உறுதியாகவே இருக்கும். உங்க சாதாரண டேப் செட் இதுக்கு ஆகாது. காயிலுக்கு வெளிப்பக்கம் பெரிசா, ஆனா பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) அதே 1.0 மில்லிமீட்டர் இருக்கற தனி டேப் வேணும். அது கிட்டோட வரும். எம் 7 டேப்பை வெச்சு ஒப்பேத்தப் பார்க்காதீங்க, பொருந்தாது. டிரில் பிட் 6.3 மில்லிமீட்டர்.

இப்போ துருவல் பயத்துக்கு வரேன். எனக்குப் பிடிச்ச வேலை இது. பழைய கேஸ்கெட்டோட கவரைத் திரும்ப மாட்டுங்க, மத்த போல்ட் எல்லாத்தையும் இறுக்கிடுங்க. கெட்ட ஓட்டைக்கு நேரா கவரில் இருக்கற வழி 6 மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் பெரிசு. 6.3 பிட் அதில் லேசா உரசிக்கிட்டுப் போகுதான்னு முதல்ல கையால் விட்டுப் பாருங்க. போச்சுன்னா கவரே உங்களுக்கு கைடு. பிட் சாயாது, இஞ்சின் வாயும் மூடியே இருக்கும், துருவல் வந்த வழியாவே வெளியே வரும். ஆழம் தாண்டாம இருக்க பிட்டில் ஒட்டற டேப்பைச் சுத்தி அடையாளம் வெச்சுக்கோங்க. அளக்கும்போது கவரோட கனத்தையும் சேர்க்க மறந்துட்டா டிரில் கேஸுக்குள்ள தேவையான ஆழம் போகாது.

மரை வெட்டற டேப் போட மட்டும் கவரைக் கழட்டியே ஆகணும், அது அந்த வழியில் நுழையாது. அப்போ கிளட்ச் பக்கம் முழுக்க எண்ணெய் நனைச்ச துணியால் மூடிடுங்க. நூல் பிரியற துணி வேண்டாம். டேப்போட பள்ளத்தில் கிரீஸ் அப்புங்க, துருவல் அதிலேயே ஒட்டிக்கும். அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி. பாதியில் வெளியே எடுத்துத் துடைச்சு, புது கிரீஸ் வெச்சுத் தொடருங்க. அடி மூடின ஓட்டைங்கறதால டேப்போட நுனியில் கூம்பு அதிகம் இருந்தா கடைசி மரைகள் வெட்டுப்படாது. அடிவரை வெட்டற டேப் கிடைச்சா நல்லது.

காயில் நீளம் 9 மில்லிமீட்டர் போதும், அதாவது விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. முகப்பிலிருந்து கால் அல்லது அரைச் சுத்து உள்ளே இறங்கி நிக்கணும், மேலே நீட்டிக்கிட்டு இருந்தா கவர் உட்காராது. காயிலோட அடியில் இருக்கற வாலை கிட்டோட வரும் கம்பியால் ஒரு தட்டு தட்டி உடைச்சு, கிரீஸ் தடவின கம்பி நுனியில் ஒட்டி எடுங்க. எண்ணிப் பாருங்க: வால் வெளியே வந்தாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம்.

எபாக்ஸி பத்திக் கேட்டீங்க. சூடான ஆயில், அதிர்வு, அடுத்த தடவை கழட்டும்போது சேர்ந்து வர்ற பசை. நான் போட மாட்டேன். எம் 8 ஆக்கினா ஓட்டையைச் சுத்தி இருக்கற அலுமினியம் மெலிஞ்சு போகும், கவரிலும் வழியைப் பெரிசாக்கணும், போல்ட் தலை உட்கார இடமும் இருக்காது.

டயர்மாத்தி எழுதியது:

அண்ணன் சொன்னதில் ஒண்ணே ஒண்ணு சேர்க்கறேன். இது எப்பவாவது கழட்டற கவர், அதனால் காயில் சரி. ஆயில் டிரெய்ன் பிளக், ஸ்பார்க் பிளக் மரை போனா நான் காயில் போட மாட்டேன். அடிக்கடி கழட்டறப்ப காயிலும் பிளக்கோட சேர்ந்து சுத்தி வெளியே வந்த வண்டி பார்த்திருக்கேன். அங்கே சுருளா இல்லாம முழு புஷ் (கெட்டியான குழாய்) மாதிரி இருக்கற டைம்-செர்ட் வகைதான் மேல். மேலே விளிம்பு இருக்கும், அடியில் விரிஞ்சு பிடிச்சுக்கும்.

அப்புறம், டார்க் ரெஞ்ச் (முறுக்கற அளவைக் காட்டற ஸ்பேனர்) இல்லேன்னா நீளமான கைப்பிடி போட்டு இறுக்காதீங்க. அலுமினியத்தில் எம் 6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் வழக்கம். சின்ன டி ஸ்பேனரை விரலால் பிடிச்சு இறுக்கினாலே அது வந்துடும். மரையில் எண்ணெய் தடவினா அதே அளவு முறுக்கில் போல்ட் இன்னும் கூட இழுக்கும், அதையும் கணக்கில் வெச்சுக்கோங்க.

அரைகிளட்ச் எழுதியது:

அளந்தேன். முழு ஆழம் 17, போல்ட் உள்ளே போறது 15. அதனால் நீள போல்ட் வழி அடைபட்டது, காயில்தான். கவரை கைடா வெச்ச யோசனைக்கு நன்றி அண்ணா. பிட் அதில் சரியா ஓடுச்சு, துருவல் எல்லாம் வெளியேதான் விழுந்தது. வால் உடைஞ்சதும் கீழேயே படுத்துக்கிட்டு வரமாட்டேன்னுச்சு, ஊசிமூக்கு பிளையரால் எடுத்தேன்.

கேஸ்கெட் புதுசு போட்டு 10 நியூட்டன் மீட்டரில் இறுக்கியாச்சு. இஞ்சினை நல்லா சூடாக்கி ஓட்டிப் பார்த்தேன், காய்ஞ்சேதான் இருக்கு. ஒரு சந்தேகம்: கிக்கர் பக்கத்து போல்ட்டும் கொஞ்சம் தளர்வா இறுகுது. அதையும் இப்பவே காயில் பண்ணிடவா?

பழையமரை எழுதியது:

வேண்டாம். போல்ட்டைக் கழட்டி மரையைப் பாருங்க. அலுமினியம் ஒட்டியிருக்கலேன்னா பழைய போல்ட் தேய்ஞ்சிருக்கலாம், புதுசு போட்டு இறுக்கிப் பாருங்க. ஒட்டியிருந்தா இதே மாதிரி ஆழத்தை அளந்துட்டு வாங்க, பேசலாம்.