பெட்டியைத் திறந்ததும் வந்த அந்த வாடை: உங்களுக்கும் நடந்திருக்கா?

மடிப்புக்கலையாமல்:
மூணு வருஷம் கழிச்சு நேத்துதான் அப்பாவோட கோட்டை வெளிய எடுத்தேன். கம்பளிக் கோட்டு. சலவைக்குப் போட்டா வருமே, அந்த பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவில் தொங்கவிட்டிருந்தேன். தூசி படக்கூடாதுன்னு அடியில முடிச்சு வேற. அவிழ்த்ததும் அந்த வாடை, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோட்டு முழுக்க ஒண்ணும் இல்லை. கழுத்துப்பட்டையின் உள்பக்கம், ரெண்டு அக்குள், வலது கை முனை, அங்க மட்டும் சாம்பல் பச்சையா பூஞ்சை. அவர் உடம்பு பட்ட இடமா பார்த்துப் பார்த்துப் பிடிச்சிருக்கு. துவைச்சா அவர் வாசனை போயிடும்னுதான் துவைக்காமலே வெச்சேன். அதைத்தான் அது தின்னிருக்கு. ராத்திரி தூக்கமே வரலை.

இரட்டைமுடிச்சு:
எனக்கு காத்தை உறிஞ்சி மூடுற பை. மகளோட சின்ன வயசு ஸ்வெட்டரையெல்லாம் தகடு மாதிரி அமுக்கி கட்டிலுக்கு அடியில தள்ளினேன். காத்தே இல்லாத இடத்துல பூஞ்சை எங்கேர்ந்து வரும்னு ஒரு தெம்பு. அடுத்த பாப்பாவுக்காக எடுத்து மூடியைத் திறந்தேன், புஸ்ஸுனு எல்லாம் உப்பி எழுந்துச்சு. மேல இருந்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு மஞ்சள் ஸ்வெட்டர், மணிக்கட்டுப் பட்டி ரெண்டுலயும் மை தெளிச்ச மாதிரி கரும்புள்ளி. பட்டி இரட்டை மடிப்பு, அங்க ஈரம் காயாமலே உள்ள போயிருக்கு. தொட்டுப் பார்த்துட்டுத்தாங்க வெச்சேன்!

எதுக்குவம்பு:
நாலு அந்துருண்டை போட்டிருந்தா ரெண்டு பேருக்கும் இந்தப் பாடே இல்லை. நான் வருஷக்கணக்கா போடுறேன், ஒரு புள்ளி கிடையாது.

பழையபொத்தான்:
எதுக்குவம்பு, வம்புக்கு வரலை, ஆனா அந்துருண்டை பூச்சிக்கு. பூஞ்சைக்கு இல்லை. உங்க பெட்டி ஈரமில்லாத இடத்துல இருக்கு, பேரை உருண்டை தட்டிட்டுப் போகுது. இரட்டைமுடிச்சு, நீங்க தயவுசெய்து இதைக் கேட்டு பாப்பா துணியில போட்டுடாதீங்க. ஜி6பிடி என்சைம் குறைவா இருக்குற குழந்தைக்கு அந்துருண்டையில இருக்குற நாப்தலீன் வாடை ஏறின துணியே போதும், ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரைக்கும் போகும். என் கதையா? உருண்டை பட்டு பிளாஸ்டிக் ஹேங்கர் இளகி, கோட்டு லைனிங்கோட ஒட்டிக்கிச்சு. உரிச்சப்போ லைனிங்கும் கூடவே வந்துடுச்சு.

எதுக்குவம்பு:
ஹேங்கர் மட்டமான ஹேங்கரா இருக்கும்.

ஈரமானி:
என் அனுபவம் ரெண்டே வரி. வெளிச்சுவரோட ஒட்டி அலமாரி, பின்வரிசையில இருந்த சட்டைகள் மட்டும் போச்சு. அதுவும் கஞ்சி போட்டது.

இப்போ சொல்ல வந்ததைச் சொல்லிடுறேன். வெளிய குளிரா இருந்தா சுவர் சில்லுனு ஆகும், அது மேல காத்துல இருக்குற ஈரம் வேர்க்கும். அலமாரியை நாலு விரல் தள்ளிப் போட்டாலே பாதி வேலை முடிஞ்சது. கஞ்சி பூஞ்சைக்குச் சாப்பாடு, எடுத்து வைக்கிற துணிக்குப் போடவே கூடாது. துவைச்சு, காயவெச்சு, காஞ்சிடுச்சுன்னு தோணின பிறகும் ஒரு நாள் விடுங்க. தையல், பட்டி, பாக்கெட் இதெல்லாம் கடைசியாத்தான் காயும். இஸ்திரி போட்ட சூட்டோட அடுக்காதீங்க, ஆவி உள்ளேயே நிக்கும். காத்துல ஈரம் எத்தனை சதவீதம்னு காட்டுற ஈரமானி சின்னதா ஒண்ணு வாங்கி அலமாரிக்குள்ள வைங்க. 60 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நிம்மதி, 70 தாண்டி நாள்கணக்கா நின்னா பூஞ்சை வரும். ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போடுறவங்க, ஈரம் நிறைஞ்சா நிறம் மாறுற வகையா வாங்குங்க. குடிச்சு முடிச்ச ஜெல் சும்மா மணல்தான். ஓவன்ல 120 டிகிரி செல்சியஸ்ல ரெண்டு மூணு மணி நேரம் வெச்சா மறுபடி வேலை செய்யும். அட்டைப்பெட்டி வேண்டாம், அதுவே ஈரத்தை இழுத்து வெச்சுக்கும்.

(நீளமாயிடுச்சு. யாரும் கேக்கலைன்னு தெரியும்.)

தோலிருக்க:
ஈரமானி எல்லாம் சொன்னவர் கால்சியம் குளோரைடு டப்பாவை விட்டுட்டார். நான்தான் பட்டேன். அது ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி டப்பாவுக்குள்ள தண்ணியா நிறையும். அது கவிழ்ந்தது எனக்குத் தெரியாது. கீழ மடிச்சு வெச்சிருந்த தோல் ஜாக்கெட்டைத் தூக்கினேன், மடிச்ச மேனிக்கே எழுந்து வந்துச்சு, பலகை மாதிரி. கையை நீட்டப் பார்த்தேன், முட்டிகிட்ட வெடிச்சுது.

மடிப்புக்கலையாமல்:
தனிச்செய்தியில ஒருத்தர் பிளீச் போடச் சொன்னார்.

பழையபொத்தான்:
ஐயோ வேண்டாம். குளோரின் பிளீச் கம்பளியையே கரைச்சுடும். பட்டும் அப்படித்தான். முகமூடி போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வெளிய வெச்சு காஞ்ச பிரஷால தட்டுங்க. அப்புறம் சலவைக்குக் கொடுங்க, பூஞ்சைன்னு சொல்லியே கொடுங்க.

மடிப்புக்கலையாமல்:
கொடுத்து வாங்கிட்டேன். கழுத்துகிட்ட பழுப்பா ஒரு நிழல் மட்டும் நிக்குது. பூஞ்சை வாடை இல்லை, அப்பா வாசனையும் இல்லை, சலவை மருந்து வாசனைதான். இப்போ இதை மடிச்சு வைக்கவா, தொங்கவிடவா?

ஈரமானி:
தொங்கவிடுங்க. தோள் அகலமான மர ஹேங்கர், பருத்தித் துணி உறை. பக்கத்துத் துணி ஒட்டாம கை நுழையுற இடம் விடுங்க. பிளாஸ்டிக் கவரை இன்னிக்கே தூக்கிப் போட்டுடுங்க.

மடிப்புக்கலையாமல்:
போட்டாச்சு.