புதுப்பிப்பு: பழைய ஸ்பிளெண்டரின் மைலேஜ்
என் 1999 ஸ்பிளெண்டர் பைக் லிட்டருக்கு 48 கிலோமீட்டர்தான் தருகிறது, கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) மாற்றலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். மாற்றவில்லை. ஓட்டும் முறையை மட்டும் மாற்றினேன், இப்போது 61. டேங்கை முழுதாக நிரப்பி, ஓடிய தூரத்தை மறுமுறை நிரப்பிய லிட்டரால் வகுத்த கணக்கு இது.

“பின் சக்கர டிரம்மைத் தொட்டுப் பாருங்கள்” என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தார். டிரம் என்பது சக்கரத்தின் நடுவில், பிரேக் உள்ளே இருக்கும் உருளை. அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பிரேக்கே பிடிக்காத நீண்ட சாலையில் நிறுத்தித் தொட்டேன், நல்ல சூடு! வலது கால் எப்போதும் பிரேக் மிதியின் மேலேயே இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக எஞ்சின் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை விட மூன்று வாரம் பிடித்தது.

அடுத்தது வேகம். விழுப்புரம் – புதுச்சேரி சாலையில் மணிக்கு 75 கிலோமீட்டரில் போவேன், இப்போது 50. காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக உயரும் என்பதால், 75-இல் அது 50-இல் இருப்பதைப் போல இரண்டேகால் மடங்கு. வீடு சேரப் பத்து நிமிடம் கூடுகிறது, அவ்வளவே.

இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருளவிடும் யோசனையை மட்டும் ஏற்கவில்லை. மிஞ்சுவது சொட்டுப் பெட்ரோல். போவது, கியரில் இருக்கும்போது எஞ்சின் வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் பிடிமானம். டிரம் பிரேக் வண்டியில் அதை இழக்க நான் தயாராக இல்லை.