மறு: வால்வு ஆம்ப், டிரான்சிஸ்டர் ஆம்ப் – தமிழில் எப்படி எழுதுவது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக, ஒலியின் மின்னலையைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியான ஆம்ப்ளிஃபயரின் இரண்டு வகைகளுக்குப் பெயர் தேடுகிறோம்: காற்று நீக்கிய கண்ணாடிக் குழலில் (வால்வு அல்லது டியூப்) ஓடுவது ஒன்று, டிரான்சிஸ்டரில் (சாலிட் ஸ்டேட்) ஓடுவது மற்றொன்று. வந்த கேள்விகளுக்கு என் பதில் கீழே.

> ஆம்ப்ளிஃபயருக்கு 'ஒலிபெருக்கி' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அந்தச் சொல் கைமாறிப் பல காலம் ஆகிவிட்டது ஐயா. 'ஒலிபெருக்கி வைக்கத் தடை' என்று அறிவிப்பு வந்தால் எல்லாருக்கும் ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வரும், மேசைக்கடியில் இருக்கிற பெட்டி வராது. ஊரே ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்ட பெயரை இனிப் பிடுங்க முடியாது. வெறும் 'பெருக்கி' கணக்குப் பாடத்திலும் வரும், வாசல் பெருக்குவதிலும் வரும். தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் 'மிகைப்பி'யையே வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் எதைச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

> டியூப் என்றால் குழாய் மிகைப்பி, சாலிட் ஸ்டேட் என்றால் திடநிலை மிகைப்பி. நேரடியாக இருக்கிறது.

மும்பை நண்பர் ஊர்ப்பக்கம் போய் மைக் செட்காரரிடம் 'குழாய்' என்று சொல்லிப் பார்க்கட்டும். பனைமரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரை எடுத்துக் கொடுப்பார். இங்கே பெங்களூரில் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 'டியூப்' கேட்டால் டியூப்லைட்டா என்பார்கள். தமிழில் கேட்டாலும் கன்னடத்தில் கேட்டாலும் அது வால்வுதான். அமெரிக்கர்களின் டியூப் நம் பக்கம் வரவில்லை, பிரிட்டிஷ்காரர்களின் வால்வுதான் வந்து தங்கியது. 'திடநிலை'க்கும் ஒரு காரணம் உண்டு: மின்னணுக்கள் (எலெக்ட்ரான்கள்) வெற்றிடத்தில் பாயாமல் படிகத்துக்குள்ளேயே ஓடுவதால் அந்தப் பெயர். ஆனால் இது தெரியாதவருக்கு பனிக்கட்டி, தண்ணீர், நீராவி பாடம்தான் ஞாபகம் வரும்.

வால்வுக்கு 'வெற்றிடக் குழல்' என்பதும் தவறில்லை. ஆனால் வெற்றிடம் வேலை நடக்கிற இடம் மட்டுமே. வேலையைத் தொடங்கிவைப்பது சூடு. 6.3 வோல்ட்டில் இழை கனன்று, கேத்தோட் என்கிற எதிர்மின்வாயைச் சூடாக்க, அதிலிருந்து மின்னணுக்கள் கிளம்புகின்றன. 1904-ல் ஃபிளெமிங் முதல் வால்வைச் செய்ததும், 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் அதன் நடுவில் கம்பிவலை வைத்ததும் இந்தச் சூட்டை நம்பித்தான். அதனால் என் முன்மொழிவு கனல்குழல். விளக்கை அணைத்துவிட்டு அந்தச் செம்மஞ்சள் ஒளியைப் பார்த்தவருக்கு விளக்கவுரை வேண்டாம். பேச்சில் வால்வு அப்படியே இருக்கட்டும், அதை விரட்ட வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பான டிரான்சிஸ்டர் வகைக்கு குறைகடத்தி (செமிகண்டக்டர்) மிகைப்பி. டிரான்சிஸ்டரின் தமிழ்ப் பெயரை வைத்து 'திரிதடைய மிகைப்பி' என்றால், ஒரே சில்லுக்குள் அடங்கிய எல்எம்3886 போன்ற ஆம்ப்கள் வெளியே நின்றுவிடும். 'குறை' என்று தொடங்கினால் எவன் வாங்குவான் என்று ஒருவர் கேட்டிருந்தார். வால்வு ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் பாடநூலில் ஊன்றிய சொல்லை விற்பனைக்காக மாற்ற வேண்டாம். இரண்டு தரப்புக்கும் நம் ஊர்தான் தாய்வீடு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பெங்களூர் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகளையும், அடுத்த ஆண்டே ஜெர்மானியம் குறைகடத்திகளையும் தயாரிக்கத் தொடங்கியது.

> விளக்கக் குறிப்பில் 'வால்வு இனிமையானது' என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா, காரணத்தைப் போடுவோம். எந்த ஆம்பும் ஒலியைச் சற்றே திரித்து, அடிப்படைச் சுரத்தின் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் சீரிசைகளை (ஹார்மோனிக்) சேர்க்கும். ஒற்றை வால்வு ஆம்பில் எழும் திரிபில் இரண்டாம் சீரிசை தூக்கலாக இருக்கும். அடிப்படைச் சுரம் சட்ஜம் என்றால் அது தாரஸ்தாயி சட்ஜம். மூன்றாவது அதன் மேல் பஞ்சமம், ஐந்தாவது இன்னும் மேலே அந்தர காந்தாரம், தம்புராவில் தானாகக் கேட்குமே அதுதான். ஏழாவது கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே சுருதி சேராமல் நிற்கும். குறைகடத்தி மிகைப்பியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் அலையின் தலை சட்டென்று வெட்டுப்பட்டு இந்த மாதிரி உயர் சீரிசைகள் கிளம்பும். எல்லைக்குள் வைத்தால் அதன் திரிபு காதுக்கே எட்டாது. இரண்டு வால்வுகள் மாறிமாறி வேலை செய்யும் புஷ்-புல்லில் இரட்டைப்படைச் சீரிசைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், 'இனிமை' வாதம் அங்கே பாதி பலமிழந்துவிடும்.

வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் உணர்திறனை, அதாவது ஒரு வாட்டுக்கு அது எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதை. 300பி வால்வு ஒன்று ஏறக்குறைய 8 வாட் தரும். ஒரு வாட்டுக்கு 95 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் அது 104 வரை போகும். 87 டெசிபல் ஸ்பீக்கரில் அதே சத்தம் வேண்டுமானால் சுமார் 50 வாட் தேவை. அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. நம் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு அவற்றைத்தான் வாங்குவோம் என்றால் குறைகடத்தி மிகைப்பியே போதும், காசும் மிச்சம்.

கனல்குழல் மிகைப்பிக்கு வெளியீட்டு மின்மாற்றி என்ற கனத்த உறுப்பு உண்டு. வால்வு கேட்பது ஆயிரக்கணக்கான ஓம் சுமை, ஸ்பீக்கரிடம் இருப்பதோ 4 அல்லது 8 ஓம். இடையில் பேச்சுவார்த்தை நடத்துவது அந்த மின்மாற்றி. அதனால் ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டுப் பாட்டை ஓடவிடக் கூடாது. மின்மாற்றியின் சுற்றுக்குள் பொறி பறந்து கருகிவிடும். குறைகடத்தி மிகைப்பிக்குப் பொதுவாக இந்தப் பயம் இல்லை. வால்வு ஆம்ப் உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் மின்தேக்கியில் தங்கும் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். சொல்லைவிட இது முக்கியம்.

இன்னொன்று பாக்கி. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றதும் கவனிக்கும் ஏபி வகை மிகைப்பியில், அலை சுழியைக் கடக்கும்போது ஒரு டிரான்சிஸ்டர் விட்டு மற்றது பிடிக்கிற இடத்தில் விழும் சிறு நெளிவுக்கு (கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்) 'கைமாற்றுத் திரிபு' என்று எழுதிவருகிறேன். கைமாற்று என்றால் கடன்தானே என்று டெல்லியிலிருந்து ஆட்சேபம் வரும், தெரியும். 'தாண்டல் திரிபு' எனக்கு ஒட்டவில்லை. வேறு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றுதான் பட்டியலை ஏற்றுகிறேன்.